லீப் முடிஞ்சாச்சு, அடுத்து என்ன? கர்ப்பப்பை வாய் ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் எச்பிவி டெஸ்ட் - முழுமையான வழிகாட்டி

சிஐஎன் 2 இல்ல சிஐஎன் 3ன்னு (அதாவது கர்ப்பப்பை வாய் செல்கள் கேன்சருக்கு முந்தின நிலைக்கு மாறியிருக்குன்னு) ரிப்போர்ட் வந்து, லீப்போ (கரண்ட் கம்பி வளையத்தால வெட்டி எடுக்கறது) கோன் பயாப்ஸியோ (கூம்பு மாதிரி வெட்டி எடுக்கறது) க்ரையோவோ (உறைய வச்சு அழிக்கறது) பண்ணிட்டு வீட்டுக்கு வந்தவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். நான் மகளிர் ஓபிடில ஸ்டாஃப் நர்ஸ். ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடி எல்லாரும் பயத்துல சொன்ன தேதிக்கு சொன்ன நேரத்துக்கு வந்து உக்காந்திருப்பாங்க, ஆனா ட்ரீட்மென்ட் முடிஞ்ச அப்புறம் ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னா பாதிப் பேர் வர மாட்டாங்க, போன் பண்ணிக் கேட்டா "அதான் எடுத்தாச்சே சிஸ்டர், திரும்ப எதுக்கு"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்கறதில்ல, அதனால இங்க நிதானமா சொல்றேன்.

எடுத்தது எச்பிவிங்கற வைரஸ் உண்டாக்கின புண்ணை, அதாவது மாறிப்போன செல்கள் இருந்த இடத்தை. வைரஸ் பெரும்பாலும் அதோடவே போயிடும், சிலருக்குப் போகாம தங்கிடும். தங்கினவங்களுக்குத்தான் அதே மாற்றம் திரும்ப வர்ற வாய்ப்பு. யாருக்குத் தங்கியிருக்குன்னு கண்ணால பார்த்தோ, வலியை வச்சோ, வெள்ளைப்படறதை வச்சோ சொல்லவே முடியாது, எச்பிவி டெஸ்ட்தான் சொல்லும். 2017ல லான்செட் ஆன்காலஜி இதழ்ல பல நாட்டு ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் வந்துச்சு, அதுல ட்ரீட்மென்ட் எடுத்த பெண்கள்ல நூத்துக்கு 6 இல்ல 7 பேருக்கு சிஐஎன் 2 அல்லது அதுக்கு மேல மிச்சம் இருந்துச்சு இல்ல திரும்ப வந்துச்சு. அதாவது 93 பேருக்கு மேல நல்லா இருக்காங்க. அந்த 6, 7 பேரைக் கேன்சர் ஆகறதுக்குள்ள கண்டுபிடிக்கறதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

படி 1: முதல்ல பேப்பரை கையில வாங்குங்க

இது டெஸ்ட்டை விட முக்கியம்னு கூட சொல்லுவேன். உங்க கையில மூணு பேப்பர் இருக்கணும். ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடி எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட், ட்ரீட்மென்ட் என்ன பண்ணாங்கன்னு எழுதின டிஸ்சார்ஜ் சம்மரி, அப்புறம் எடுத்த சதையை லேபுக்கு அனுப்பிப் பார்த்த ஃபைனல் பயாப்ஸி ரிப்போர்ட். மூணாவது பேப்பரைத்தான் நிறைய பேர் வாங்காமலே விட்டுடறாங்க, ஏன்னா அது வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுக்குள்ள வீட்டுக்கு வந்திருப்பாங்க.

அந்த ஃபைனல் ரிப்போர்ட்ல மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, என்ன கிரேடு: சிஐஎன் 1, 2, 3, சில லேப்ல ஹெச்எஸ்ஐஎல்னு எழுதுவாங்க, அது பெரும்பாலும் சிஐஎன் 2, 3 ரெண்டையும் சேர்த்துச் சொல்றது. ரெண்டு, ஏஐஎஸ்னு எங்கயாவது இருக்கா, அதாவது சுரப்பி செல்கள்ல வர்ற மாற்றம், அதுக்கு ஃபாலோ-அப் வேற மாதிரி, கீழ தனியா சொல்றேன். மூணு, மார்ஜின். வெட்டி எடுத்த துண்டோட ஓரத்துல கெட்ட செல் இருக்கா இல்லையான்னு. ஓரம் சுத்தமா இருந்தா மார்ஜின் நெகட்டிவ், ஓரம் வரைக்கும் இருந்தா பாசிட்டிவ். ரிப்போர்ட்ல கேன்சர்னு உறுதியா எழுதியிருந்தா இந்த வழிகாட்டி உங்களுக்குப் பொருந்தாது, உடனே கேன்சர் பார்க்கற டாக்டர்கிட்ட போங்க.

மார்ஜின் பாசிட்டிவ்னு பார்த்ததும் நிறைய பேர் அழுது போன் பண்றாங்க. அந்த 2017 அலசல்லயே ட்ரீட்மென்ட் எடுத்தவங்கள்ல நூத்துக்கு 23 பேருக்கு மார்ஜின் பாசிட்டிவா இருந்துச்சு, அவ்வளவு சகஜம். அப்படி இருந்தவங்கள்ல நூத்துக்கு 17 பேருக்குத்தான் பிறகு நோய் இருந்துச்சு, மீதி 83 பேருக்கு இல்ல. கத்தி வச்ச சூட்டுலயும் ஆறற வேகத்துலயும் ஓரத்துல மிச்சம் இருந்தது கூட அழிஞ்சுடும்னு டாக்டர்கள் விளக்குவாங்க. அதனால மார்ஜின் பாசிட்டிவ் ஆன உடனே திரும்ப வெட்டணும்னு அவசரப்பட வேண்டாம், பொதுவா ஆறு மாசம் கழிச்சு எச்பிவி டெஸ்ட் பண்ணிட்டு முடிவெடுக்கலாம்னுதான் அமெரிக்காவோட ஏஎஸ்சிசிபி (கர்ப்பப்பை வாய் நோய் பார்க்கற மருத்துவர்கள் சங்கம்) வழிமுறையும் சொல்லுது. உங்க வயசு, குழந்தை வேணுமா, ஓரத்துல இருந்தது வெளிப்பக்கமா உள்பக்கமா, இதெல்லாம் பார்த்து டாக்டர் வேற மாதிரி சொன்னா ஏன்னு கேட்டுப் புரிஞ்சுக்கங்க.

க்ரையோ இல்ல தெர்மல் அப்லேஷன் பண்ணவங்களுக்கு ஒரு தனி விஷயம். உறைய வச்சோ சூடு வச்சோ அங்கயே அழிச்சுடறாங்க, லேபுக்கு அனுப்ப சதையே இருக்காது, அதனால மார்ஜின்னு ஒரு தகவலே கிடையாது. எல்லாம் போச்சான்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு இருக்கற ஒரே வழி ஃபாலோ-அப் டெஸ்ட்தான். தயவுசெஞ்சு நீங்க விட்டுடாதீங்க.

படி 2: முதல் மாசம் ஆற விடுங்க

புண் ஆற சுமாரா நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். தண்ணி மாதிரியோ பழுப்பு கலர்லயோ கசிவு இருக்கும், அது சகஜம். உறவு, டாம்பான், மென்சுரல் கப், டூஷ் பண்றது (உள்ள தண்ணி பீய்ச்சிக் கழுவறது) எல்லாம் டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம், பெரும்பாலும் நாலு வாரம்னு சொல்லுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையற அளவு ரத்தம், காய்ச்சல், கெட்ட நாத்தம், அடிவயித்துல கடுமையான வலி, இதுல எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி.

இந்த நேரத்துல டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமேன்னு தோணும். வேண்டாம். சில லேப் பேக்கேஜ் போடறாங்க, ஒரு மாசத்துலயே எச்பிவி டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ்னு வந்து தூக்கம் போனவங்க உண்டு. வைரஸ் உடம்பை விட்டுப் போக டைம் எடுக்கும், புண் ஆறற செல்கள் பாப் ஸ்மியர்ல (கர்ப்பப்பை வாய் செல்லை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்க்கற டெஸ்ட்) கெட்ட செல் மாதிரியே தெரியும். சீக்கிரமா பண்ற டெஸ்ட் பயத்தை மட்டும்தான் குடுக்கும்.

படி 3: தேதியை முடிவு பண்ணுங்க

இங்கதான் குழப்பம் வருது, ஏன்னா ஆறு மாசம்னு ஒருத்தர் சொல்லுவார், ஒரு வருஷம்னு இன்னொருத்தர் சொல்லுவார். ரெண்டுக்குமே அடிப்படை இருக்கு.

அமெரிக்காவோட ஏஎஸ்சிசிபி வழிமுறை 6 மாசத்துல எச்பிவி டெஸ்ட்னு சொல்லுது, மார்ஜின் எப்படி இருந்தாலும். பிரிட்டன்லயும் 6 மாசம்தான், அங்க அதுக்கு குணமானதுக்கான டெஸ்ட்னே பேர் வச்சிருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட வழிமுறையில 12 மாசம்னு இருக்கு, அது எல்லா நாட்டுலயும், வசதி கம்மியா இருக்கற இடத்துலயும் நடத்தற மாதிரி யோசிச்சு எழுதினது. நம்ம ஊர்ல ரெண்டையும் பின்பத்தற டாக்டர்கள் இருக்காங்க.

என் கருத்து, சிஐஎன் 3 இருந்தவங்க, மார்ஜின் பாசிட்டிவா இருந்தவங்க, ஊர் மாறப் போறவங்க எல்லாம் 6 மாசத்தையே கேட்டு வாங்குங்க. 12 மாசம்னு டாக்டர் சொன்னாலும் அது தப்பில்ல, ஆனா 12 மாசம்ங்கறது மறந்து போற அளவு தூரம், அதனால டிஸ்சார்ஜ் ஆகற அன்னிக்கே தேதியைப் போன்ல அலாரமா வச்சுடுங்க, உங்க போன்ல மட்டும் வைக்காம வீட்டுல இன்னொருத்தர் போன்லயும்.

படி 4: எந்த டெஸ்ட்னு பேரைச் சொல்லிக் கேளுங்க

டெஸ்ட் எடுக்கணும்னு போய் நின்னா என்ன டெஸ்ட் எடுத்தாங்கன்னே தெரியாம வர்றவங்க நிறைய. நாலு விதம் நடக்கலாம்: விஐஏ, பாப் ஸ்மியர் மட்டும், எச்பிவி மட்டும், எச்பிவியும் பாப்பும் சேர்த்து.

விஐஏங்கறது அசிட்டிக் ஆசிட் தடவி வெள்ளையா மாறுதான்னு கண்ணால பார்க்கறது. நம்ம நாட்டு அரசு திட்டத்துல 30 வயசுல இருந்து 65 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பண்ற ஸ்கிரீனிங் இதுதான். இதை நான் குறைச்சுச் சொல்லல. திண்டுக்கல் மாவட்டத்துல அம்பிளிக்கை ஆஸ்பத்திரியை வச்சு நடந்த பெரிய ஆய்வுல, பயிற்சி எடுத்த நர்ஸுங்களே விஐஏ பார்த்து தேவைப்பட்டவங்களுக்கு க்ரையோவும் பண்ணாங்க, கர்ப்பப்பை வாய் கேன்சர் வர்றது 25 சதவீதமும் அதுல சாவு 35 சதவீதமும் குறைஞ்சுதுன்னு 2007ல லான்செட்ல வந்துச்சு. ஒரு நர்ஸா எனக்கு அது இன்னிக்கும் பெருமையான விஷயம். ஆனா அது முதல் ஸ்கிரீனிங்குக்கு. ட்ரீட்மென்ட் ஆன அப்புறம் கதை வேற, ஏன்னா லீப்போ க்ரையோவோ பண்ணி ஆறின கர்ப்பப்பை வாய்ல, மாற்றம் வரக்கூடிய அந்த எல்லைக்கோடு உள்ள தள்ளிப் போயிடும், வெளிய இருந்து பார்த்தா தெரியாது. தெரியாத இடத்தை எப்படிப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்றது? அதனாலதான் உலக சுகாதார நிறுவனமும் ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் விஐஏக்கும் பாப்புக்கும் பதிலா, கிடைக்கற இடத்துல எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்லுது.

பாப் மட்டும் பண்ணா என்னன்னா, அது செல்லோட உருவத்தைப் பார்க்கறது, பார்க்கற கண்ணையும் எடுத்த சாம்பிளையும் பொறுத்தது, ஒரு தடவை நார்மல்னு வந்தா அந்த அளவு நம்ப முடியாது. எச்பிவி டெஸ்ட் எவ்வளவு நம்பிக்கைங்கறதுக்கு அந்த 2017 அலசல்ல இருந்தே சொல்றேன்: நோய் திரும்பின பெண்கள்ல 91 சதவீதம் பேரை எச்பிவி டெஸ்ட் பிடிச்சுது, மார்ஜினை மட்டும் நம்பியிருந்தா 56 சதவீதம் பேரைத்தான் பிடிச்சிருக்க முடியும். டெஸ்ட் நெகட்டிவா வந்தவங்கள்ல நூத்துக்கு ஒருத்தரை விடக் கம்மி பேருக்குத்தான் நோய் இருந்துச்சு, 0.8 சதவீதம். இதை விட ஆறுதலான ஒரு நம்பரை இந்த விஷயத்துல நான் பார்த்ததில்ல.

லேப்ல கேக்க வேண்டியது இதுதான்: "ஹை ரிஸ்க் எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட்டா? 16, 18 தனியா சொல்லுமா?" நல்ல டெஸ்ட்டுகள் பெரும்பாலும் 14 வகை வைரஸைப் பார்க்கும், அதுல 16ஐயும் 18ஐயும் தனியா சொல்றது நல்லது, ஏன்னா உலகத்துல வர்ற கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சுமார் 70 சதவீதம் அந்த ரெண்டாலதான். லோ ரிஸ்க் எச்பிவின்னு ஒரு டெஸ்ட் லிஸ்ட்ல இருக்கும், அது மரு வர்ற வகை, இந்த ஃபாலோ-அப்புக்கு அதால எந்தப் பிரயோஜனமும் இல்ல, காசு கட்டாதீங்க. ரத்தத்துல எச்பிவி டெஸ்ட்னு யாராவது சொன்னாலும் வேண்டாம், இது கர்ப்பப்பை வாய்ல இருந்து எடுக்கற சாம்பிள்ல மட்டும் பண்றது.

விலை லேபுக்கு லேப் ரொம்ப மாறும். முன்னாடியே ரெண்டு மூணு இடத்துல போன் பண்ணிக் கேளுங்க, டாக்டர் சாம்பிள் எடுக்கற சார்ஜ் தனியான்னும் கேளுங்க. பாப்பையும் சேர்த்துப் பண்ண முடிஞ்சா நல்லது, முடியலைன்னா ரெண்டுல ஒண்ணுன்னா எச்பிவி. அதுவும் கிடைக்கவே கிடைக்காத ஊர்ல இருக்கீங்கன்னா பாப் மட்டும் பண்ணிக்கலாம், ஆனா எச்பிவிக்கு வருஷத்துக்கு ஒரு தடவைன்னா பாப்புக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, எச்பிவிக்கு மூணு வருஷம்னா பாப்புக்கு வருஷா வருஷம்னு ஏஎஸ்சிசிபி சொல்லுது. கணக்குப் போட்டுப் பாருங்க, எச்பிவியே சிக்கனமா இருக்கும்.

வீட்டுலயே தானே எடுத்துக்கற கிட் இப்ப வந்திருக்கு. ஸ்கிரீனிங்குக்கே வராத பெண்களுக்கு அது பெரிய வரம். ஆனா ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் வர்ற டெஸ்ட்டுக்கு டாக்டரோ நர்ஸோ கருவி வச்சுப் பார்த்து எடுக்கறதையே கேளுங்க, சாம்பிள் சரியான இடத்துல இருந்து வரும், ஆறினது எப்படி இருக்குன்னும் பார்த்துடுவாங்க.

படி 5: டெஸ்ட் அன்னிக்கு

ரத்தப்போக்கு அதிகமா இருக்கற நாளைத் தவிர்க்கப் பாருங்க. டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி இருந்து உள்ள வைக்கற மாத்திரை, க்ரீம், ஜெல், உறவு எதுவும் வேண்டாம். காலைல பட்டினியா போகணும்னு அவசியமே இல்ல, சாப்பிட்டுப் போங்க.

போனதும் முதல் வார்த்தையா "எனக்கு லீப் ஆயிருக்கு, இன்ன மாசம் ஆச்சு, சிஐஎன் 3 இருந்துச்சு"ன்னு சொல்லுங்க, லேப் ஃபார்ம்ல அதை எழுதச் சொல்லுங்க. எழுதலைன்னா லேப்ல உங்களை சாதாரண ஸ்கிரீனிங்னு நினைச்சு "அடுத்த டெஸ்ட் அஞ்சு வருஷம் கழிச்சு"ன்னு ரிப்போர்ட்ல பிரிண்ட் பண்ணிக் குடுத்துடுவாங்க, நீங்களும் அதை நம்பிடுவீங்க.

சிலருக்கு ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் கர்ப்பப்பை வாய் சுருங்கிப் போயிருக்கும், பிரஷ் உள்ள போகாது. பீரியட்ஸ் நின்னவங்களுக்கு வறட்சியால வலிக்கும். இதெல்லாம் முன்னாடியே சொன்னா டாக்டர் சின்ன சைஸ் கருவி எடுப்பாங்க, சில வாரம் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போட்டுட்டு வரச் சொல்லுவாங்க. வலிச்சா நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, அடுத்த தடவை வராம போறதை விட நிறுத்திட்டு மெதுவா எடுக்கறது எவ்வளவோ மேல்.

படி 6: ரிசல்ட்டைப் படிக்கறது

நெகட்டிவ்: நிம்மதியா இருங்க, நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க, படி 7க்குப் போங்க.

இன்வேலிட்: சாம்பிள் பத்தலை இல்ல ரத்தம் கலந்துடுச்சு. இது நெகட்டிவ் இல்ல, திரும்ப எடுக்கணும்.

பாசிட்டிவ்: இங்க கொஞ்சம் நிக்கறேன், ஏன்னா இந்த ஒரு வார்த்தையால வீட்டுல நடக்கற சண்டையை எல்லாம் பார்த்திருக்கேன். பாசிட்டிவ்னா கேன்சர்னு அர்த்தம் இல்ல, நோய் திரும்பிடுச்சுன்னும் அர்த்தம் இல்ல. வைரஸ் இருக்கு, அதனால உள்ள பார்க்கணும், அவ்வளவுதான் அது சொல்ற செய்தி. அடுத்த வேலை கோல்போஸ்கோபி, அதாவது பெரிசாக்கிக் காட்டற கருவி வழியா கர்ப்பப்பை வாயைப் பார்க்கறது. பாப் நார்மலா இருந்தாலும் கோல்போஸ்கோபி வேணும். "பாப் நார்மல்தானே, ஒரு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்"னு சாதாரண ஸ்கிரீனிங்ல சில சமயம் விடலாம், ஆனா சிஐஎன் 2, 3க்கு ட்ரீட்மென்ட் எடுத்தவங்களுக்கு அப்படி விடக் கூடாது. ஏஎஸ்சிசிபியும் பிரிட்டன் வழிமுறையும் இந்த விஷயத்துல ஒண்ணுதான்.

கோல்போஸ்கோபில சந்தேகமா இருக்கற இடத்துல பயாப்ஸி எடுப்பாங்க, எல்லைக்கோடு உள்ள போயிருந்தா கர்ப்பப்பை வாயோட உள் கால்வாய்க்குள்ள இருந்தும் கொஞ்சம் சுரண்டி எடுப்பாங்க. அதுல ஒண்ணும் இல்லைன்னா இல்ல சிஐஎன் 1 மட்டும்னா, பொதுவா திரும்ப வெட்ட மாட்டாங்க, ஒரு வருஷத்துல டெஸ்ட். சிஐஎன் 2, 3 வந்தா ரெண்டாவது தடவை லீப்போ கோனோ. ஒண்ணுமே தெரியாம வைரஸ் மட்டும் இருக்குங்கறதுக்காக கர்ப்பப்பையையே எடுத்துடலாம்னு யாராவது சொன்னா அவசரப்பட்டுத் தலையாட்டாதீங்க, இன்னொரு டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டை எல்லாம் காட்டிக் கேளுங்க, கர்ப்பப்பையை எடுத்தாலும் வைரஸ் பிறப்புறுப்புல இருக்கலாம், ஃபாலோ-அப்பும் நிக்காது.

இப்ப அந்த சண்டை விஷயம். எச்பிவி உடம்புல வருஷக்கணக்குல அமைதியா இருந்துட்டு பிறகு டெஸ்ட்ல தெரியும். எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. பாசிட்டிவ் வந்ததை வச்சு புருஷன் மேலயோ பொண்டாட்டி மேலயோ சந்தேகப்படறதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. உறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது இது வந்து போகுது. ஆம்பளைங்களுக்கு இதுக்குன்னு அங்கீகரிச்ச ஸ்கிரீனிங் டெஸ்ட்டும் இல்ல, அதனால கணவரை இழுத்துட்டுப் போய் டெஸ்ட் எடுக்க வைக்கறதுலயும் பலன் இல்ல. அவர் பண்ண வேண்டியது, கூட வந்து வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறது.

படி 7: நீண்ட காலண்டர்

முதல் நெகட்டிவ் வந்ததும் முடிஞ்சுதுன்னு நினைக்கறதுதான் எல்லாரும் பண்றது. ஸ்வீடன்ல லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களோட பதிவேட்டை வச்சுப் பார்த்ததுல, சிஐஎன் 3க்கு ட்ரீட்மென்ட் எடுத்தவங்களுக்கு மத்த பெண்களை விட கேன்சர் வர்ற வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்குக்கு மேல, அதுவும் 25 வருஷம் ஆன அப்புறமும் இருந்துச்சு. பயப்பட வேண்டிய அளவு பெரிய நம்பர் இல்ல, ஏன்னா அடிப்படை வாய்ப்பே கம்மி, ஆனா மறக்கவும் கூடாத நம்பர்.

அதனால ஏஎஸ்சிசிபி சொல்ற கணக்கு: 6 மாசத்துல ஒண்ணு, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு, தொடர்ந்து மூணு நெகட்டிவ் வர்ற வரைக்கும். அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, குறைஞ்சது 25 வருஷம், நடுவுல 65 வயசு தாண்டினாலும்.

ஒரு உதாரணம் போடறேன். 45 வயசுல 2026 மார்ச்ல லீப் பண்ணிக்கிட்ட ஒரு அக்கான்னு வச்சுக்கங்க. முதல் டெஸ்ட் 2026 செப்டம்பர், அடுத்து 2027 செப்டம்பர், 2028 செப்டம்பர். மூணும் நெகட்டிவ்னா 2031, 2034, 2037ன்னு போயிட்டே இருக்கும், 2051 தாண்டற வரைக்கும், அப்ப அவங்களுக்கு 70 வயசு. "வயசாயிடுச்சு, பீரியட்ஸும் நின்னாச்சு, இனி எதுக்கு"ன்னு அறுபதுல நிறுத்திடறதுதான் நம்ம வீட்டுப் பெரியவங்க வழக்கம். இவங்களுக்கு அது பொருந்தாது, பொண்ணோ மருமகளோ இந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்கணும்.

பிரிட்டன்ல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு: 6 மாச டெஸ்ட் நெகட்டிவ்னா அடுத்த அழைப்பு 3 வருஷத்துல வரும். 2025 ஜூலைல இருந்து இங்கிலாந்துல எச்பிவி நெகட்டிவா இருக்கற 25ல இருந்து 49 வயசு வரைக்குமான பெண்களுக்கு சாதாரண ஸ்கிரீனிங்கை 5 வருஷம் ஆக்கிட்டாங்க, அதைப் படிச்சுட்டு எனக்கும் 5 வருஷம்தான்னு நினைச்சுக்காதீங்க, ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் வர்ற முதல் இடைவெளி வேற. உலக சுகாதார நிறுவனக் கணக்குல 12 மாச எச்பிவி நெகட்டிவ்னா சாதாரண ஸ்கிரீனிங் இடைவெளிக்குத் திரும்பிடலாம். மூணும் மூணு விதமா இருக்கறதால ஒண்ணைப் பிடிச்சு அதையே தொடருங்க, வசதிக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்திப் போகாதீங்க. வசதி இருந்தா நீளமான கணக்கையே எடுத்துக்கங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

படி 8: இவங்க கணக்கு வேற

கர்ப்பப்பையை எடுத்தவங்க: சிஐஎன் 2, 3 காரணமா எடுத்திருந்தா ஃபாலோ-அப் உண்டு. பிறப்புறுப்போட மேல் முனையில இருந்து சாம்பிள் எடுப்பாங்க. வருஷத்துக்கு ஒண்ணா மூணு நெகட்டிவ், அப்புறம் மேல சொன்ன அதே மூணு வருஷக் கணக்கு. "கர்ப்பப்பையே இல்லையே"ன்னு லேப்ல திருப்பி அனுப்பினா டாக்டர் சீட்டைக் காட்டுங்க.

ஏஐஎஸ் இருந்தவங்க: பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லுவாங்க. குழந்தைக்காக வச்சுக்கிட்டவங்களுக்கு எச்பிவியும் பாப்பும் சேர்த்து, கூடவே கால்வாய் சாம்பிளும், 6 மாசத்துக்கு ஒரு தடவை குறைஞ்சது 3 வருஷம், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை குறைஞ்சது 2 வருஷம். இந்த வகை ஒரே இடத்துல இல்லாம அங்கங்க விட்டு விட்டு இருக்கும், அதனால மார்ஜின் நெகட்டிவ்னாலும் முழுசா நம்ப முடியாது.

எச்ஐவி உள்ளவங்க: உலக சுகாதார நிறுவனம் 12 மாசத்துல ஒண்ணு, அது நெகட்டிவ்னா இன்னொரு 12 மாசத்துல திரும்ப ஒண்ணு, அப்புறம்தான் வழக்கமான இடைவெளின்னு சொல்லுது. மாத்திரையை விடாம எடுக்கறதே இதுக்கும் பாதுகாப்பு. கிட்னி மாத்தினவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கறவங்க, இவங்களும் டாக்டர்கிட்ட அதைச் சொல்லித் தேதி வாங்குங்க.

கர்ப்பமா இருக்கறவங்க: ஃபாலோ-அப் தேதி நடுவுல வந்தாலும் எச்பிவி சாம்பிள் எடுக்கலாம், தேவைன்னா கோல்போஸ்கோபியும் பண்ணலாம், கால்வாய்க்குள்ள சுரண்டறது மட்டும் கூடாது. முதல் செக்கப்லயே லீப், கோன் ஆனதைச் சொல்லிடுங்க, ஆழமா எடுத்திருந்தா குறைப்பிரசவ வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஸ்கேன்ல கர்ப்பப்பை வாயோட நீளத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

படி 9: வைரஸ் போக நம்ம பண்ணக் கூடியது

எச்பிவியை அழிக்கற மாத்திரைன்னு ஒண்ணு இதுவரைக்கும் இல்ல. விட்டமின், ஜெல், கஷாயம்னு ஆயிரக்கணக்குல ரூபா வாங்கறவங்க இருக்காங்க, அந்தக் காசுல அடுத்த டெஸ்ட்டைப் பண்ணிடலாம். சிகரெட் பழக்கம் இருந்தா நிறுத்துங்க, அது வைரஸை நிலைக்க வைக்கும்னு நல்லாவே தெரிஞ்ச விஷயம்.

தடுப்பூசி பத்தி எல்லாரும் கேக்கறாங்க. ஏற்கனவே இருக்கற வைரஸை தடுப்பூசி வெளிய துரத்தாது. ட்ரீட்மென்ட் சமயத்துல போட்டுக்கிட்டா திரும்ப வர்றது குறையுமாங்கறதுல ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்ல, இருந்தாலும் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 27ல இருந்து 45 வயசுக்குள்ள, முன்னாடி போடாதவங்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம்னு 2023ல சொல்லியிருக்கு. நம்ம நாட்டுலயே சீரம் நிறுவனம் செர்வாவேக்னு ஒரு எச்பிவி தடுப்பூசி கொண்டு வந்திருக்கு. போட்டுக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட பேசிட்டுப் போடுங்க, போட்டாலும் டெஸ்ட் தேதி ஒண்ணு கூட மாறாது. வீட்டுல 9ல இருந்து 14 வயசுல பொண்ணு இருந்தா அவளுக்குப் போடறதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம், போட்டுடுங்க, அந்த வயசுலதான் அதோட முழுப் பலனும் கிடைக்கும்.

படி 10: ஃபைல், அப்புறம் காத்திருக்கக் கூடாத விஷயங்கள்

ஒரே ஒரு ஃபைல் போடுங்க, முதல் பக்கத்துல ஒரு வெள்ளைத்தாள்ல ட்ரீட்மென்ட் தேதி, என்ன கிரேடு, மார்ஜின், ஒவ்வொரு டெஸ்ட்டோட தேதி, ரிசல்ட், அடுத்த தேதின்னு கையால எழுதுங்க. எல்லாத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சுக்கங்க. வேலைக்காகவோ கல்யாணத்துக்காகவோ ஊர் மாறினா, நாடு மாறினா, புது டாக்டருக்கு அந்த ஒரு தாள் போதும். நிறைய பேர் இந்த விஷயத்தை மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுடறாங்க, அவங்க நிலைமை எனக்குப் புரியுது, கிழிக்கறதுன்னாலும் போட்டோ எடுத்துட்டுக் கிழிங்க, நம்பற ஒரு தோழி போன்லயாவது இருக்கட்டும்.

கடைசியா, தேதி வரைக்கும் காத்திருக்கக் கூடாத சில விஷயம் இருக்கு. உறவுக்கு அப்புறம் ரத்தம் வந்தா, ரெண்டு பீரியட்ஸுக்கு நடுவுல வந்தா, பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆன அப்புறம் ஒரு சொட்டு வந்தாலும், நாத்தத்தோட ரத்தம் கலந்த வெள்ளைப்படுதல் இருந்தா, போன மாசம்தான் எச்பிவி நெகட்டிவ் வந்துச்சுன்னு வீட்டுல உக்காந்திருக்காதீங்க. அந்த டெஸ்ட் அறிகுறி இல்லாதவங்களைக் கண்காணிக்கறதுக்கு. அறிகுறி வந்துட்டா அந்த வாரமே போய், ஃபைலைக் கையில வச்சுக்கிட்டு, "எனக்கு முன்னாடி சிஐஎன்னுக்கு ட்ரீட்மென்ட் ஆயிருக்கு, கருவி வச்சுப் பாருங்க"ன்னு கேளுங்க. மாத்திரை மட்டும் எழுதிக் குடுத்து அனுப்பினா எழுந்து வராதீங்க, பார்த்துட்டுச் சொல்லுங்கன்னு இன்னொரு தடவை கேளுங்க.